மெலடோனின்: எங்கள் கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நங்கநல்லூரில் ஒரு மருந்துக் கடையின் கவுன்டரில் பல வருடங்களாக நிற்கிறேன். சமீப வருடங்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவிலிருந்து பிள்ளையோ பெண்ணோ கொண்டுவந்த பெரிய பாட்டிலை ஒருவர் துணிப்பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைப்பார். உள்ளே சிவப்பு நிறத்தில் ஜெல்லி மிட்டாய் மாதிரி இருக்கும். மேலே 10 மி.கி. என்று அச்சடித்திருக்கும். “இதைச் சாப்பிடலாமாம்மா?” என்பார். கவுன்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதிவைத்து, பதிலை நிதானமாகக் கொடுத்திருக்கிறேன். நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய இடங்களில் டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறேன், அதைத் தட்டாதீர்கள்.

மெலடோனின்னா தூக்க மாத்திரைதானே?

இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும். அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவைதான் தூக்க மாத்திரைகள். அவை மூளையின் இயக்கத்தை அமுக்கித் தூங்கவைக்கும். மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருப்பவை. டாக்டர் சீட்டு இல்லாமல் நாங்கள் தரக் கூடாது, சீட்டு பார்த்துத் தந்தாலும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

மெலடோனின் நம் உடம்பே சுரக்கும் ஒரு ஹார்மோன். “இருட்டிவிட்டது, இனி இரவு” என்று உடல் முழுவதற்கும் தகவல் சொல்வது அதன் வேலை. சிவன் கோயிலில் அர்த்தஜாம மணி அடித்தால் நடை சாத்தப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் மணி யாரையும் கையைப் பிடித்து வெளியே தள்ளாது. மெலடோனினும் அப்படித்தான். நேரத்தைச் சொல்லும், தூங்குவதற்கு வழிவிடும். மற்றதை உடம்பு செய்ய வேண்டும்.

அது உடம்புல எங்கே சுரக்குது? எப்போ சுரக்குது?

மூளையின் நடுவே பைனியல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. ஓர் அரிசி மணி அளவுதான். நாம் சாப்பாட்டில் எடுக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் முதலில் செரடோனினாக மாறி, பிறகு இந்தச் சுரப்பியில் மெலடோனினாக மாறுகிறது.

ஆனால் பைனியலுக்குத் தானாக நேரம் தெரியாது. நேரம் பார்ப்பது மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் இருக்கும் இன்னொரு இடம், உடலின் தலைமைக் கடிகாரம். கண்ணில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் தனி செல்கள் உண்டு. அவற்றில் இருக்கும் மெலனாப்சின் என்ற நிறமி 1998-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நீல வெளிச்சத்துக்கு அது அதிகமாக அசையும். இந்த செல்கள் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்ப, கடிகாரத்திலிருந்து நரம்பு வழி முதுகுத்தண்டு வரை இறங்கி, கழுத்து வழியாக மறுபடி ஏறி, பைனியலைத் தொடுகிறது. ஒரு சின்னச் சுரப்பிக்கு இவ்வளவு சுற்றுவழி!

வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறக்குறைய 2 மணி நேரம் முன்னால் சுரப்பு ஏறத் தொடங்கும். விடிகாலை 2 முதல் 4 மணிக்குள் உச்சம். விடிந்ததும் இறங்கிவிடும். பகலில் ரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது.

மெலனின், மெலடோனின் ரெண்டும் ஒண்ணா? மாத்திரை போட்டா கறுத்துடுவேனா?

கறுக்க மாட்டீர்கள். மெலனின் தோலுக்கு நிறம் தருவது, இது வேறு. ஆனால் பெயர் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் உண்டு. மாட்டின் பைனியல் சுரப்பிச் சாற்றில் விட்டால் தலைப்பிரட்டையின் தோல் வெளுக்கிறது என்று 1917-லேயே கவனித்தார்கள். வெண்புள்ளிக்கு மருந்து கிடைக்குமா என்று தேடிய ஏரன் லெர்னர் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், யேல் பல்கலைக்கழகத்தில் 1958-ல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். தவளைத் தோலில் மெலனினைச் சுருங்கவைப்பதால் அந்தப் பெயர். மனிதத் தோலின் நிறத்தை அது மாற்றுவதில்லை. தோலுக்கு மருந்து தேடிப் போனவர் கையில் இரவின் ஹார்மோன் கிடைத்தது.

போன் பார்த்தா மெலடோனின் போயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?

வெளிச்சம் மெலடோனினைக் குறைக்கும் என்பது நிஜம். மனிதர்களுக்கும் அப்படி நடக்கிறது என்று 1980-லேயே காட்டிவிட்டார்கள். 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் 4 மணி நேரம் ஒளிரும் திரையில் புத்தகம் படித்தவர்களுக்கு மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது. மறுநாள் அது ஏறும் நேரமும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. ஆனால் தூக்கம் வரத் தாமதமானது 10 நிமிடம் மாதிரிதான்.

போனை மட்டும் திட்டிவிட்டு ஹால் விளக்கை மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. நம் வீடுகளில் ராத்திரி 11 மணிவரை வெள்ளை டியூப் லைட் முழுசாக எரியும். சாதாரண அறை வெளிச்சமே சுரப்பைத் தள்ளிப்போடப் போதும். ஒன்பது மணிக்கு மேல் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, ஓரத்தில் மஞ்சள் பல்பு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு பல்பு விலை. ஒருவருக்கொருவர் வெளிச்சத்துக்கு அசையும் அளவு நிறைய வித்தியாசப்படும். “என் வீட்டுக்காரர் டிவி முன்னாடியே தூங்கிடுவார், எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்பவர்களுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எனக்கு மெலடோனின் கம்மியா இருக்குன்னு தோணுது. டெஸ்ட் இருக்கா?

சுகர் டெஸ்ட் மாதிரி காலையில் ரத்தம் கொடுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. பகலில் எல்லோருக்குமே குறைவுதான். ஆராய்ச்சியில் மங்கலான வெளிச்சத்தில் உட்காரவைத்து, மாலையிலிருந்து அரை மணிக்கு ஒரு முறை உமிழ்நீர் எடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் செய்யக்கூடியது இரண்டு வார தூக்கக் குறிப்பு. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், இடையில் எத்தனை முறை எழுந்தீர்கள், காபி எப்போது குடித்தீர்கள், எல்லாவற்றையும் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தாலே போதும். டாக்டருக்கு அதுதான் பெரிய உதவி.

வயது ஆக ஆகச் சுரப்பு குறைவது உண்மை. சின்னக் குழந்தையாக இருக்கும்போது உச்சம், பருவ வயதில் இறங்கும், முதுமையில் இன்னும் இறங்கும். அதனால்தான் ஐரோப்பாவில் 2007-ல் அனுமதித்த 2 மி.கி. மெதுவாகக் கரையும் மாத்திரையை 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று கொடுத்தார்கள்.

எத்தனை மில்லிகிராம் போடணும்? பையன் அனுப்பினது 10, உங்க கடையில 3 இருக்கு.

ஓர் இரவில் உடல் சுரப்பது மைக்ரோகிராம் கணக்கில். மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வாயில் போட்டால் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடும், அப்படியும் 0.3 மி.கி. போட்டாலே ரத்தத்தில் இயல்பான இரவு அளவு வந்துவிடும். 10 மி.கி. என்பது அதைவிடப் பல மடங்கு.

கூடப் போட்டால் கூடத் தூக்கம் என்று கணக்கு இல்லை. அர்த்தஜாம மணியைப் பத்து மடங்கு சத்தமாக அடித்தால் என்ன ஆகும்? நேரம் அதேதான், காதுதான் வலிக்கும். அளவு கூடினால் காலையில் தலை கனம், தலைவலி, வயிற்றைப் புரட்டுவது, பயங்கரக் கனவு இவை வரலாம். டாக்டர் வேறு காரணத்துக்காகக் கூட்டி எழுதாத வரை, 0.5 முதல் 3 மி.கி.க்குள் குறைவானதில் தொடங்குவதுதான் சரி.

பாட்டில்ல போட்டிருக்கிற அளவு சரியா இருக்கும்தானே?

அமெரிக்காவில் மெலடோனின் மருந்தாக விற்கப்படுவதில்லை. 1994 சட்டப்படி அது உணவுத் துணைப்பொருள். மருந்துக்கு நடக்கும் கெடுபிடி அதற்கு இல்லை. கனடாவில் 31 பொருட்களைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒன்றில் அச்சிட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, இன்னொன்றில் அச்சிட்டதைவிட 478 சதவீதம் கூடுதல். எட்டில் செரடோனின் கலந்திருந்தது. 2023-ல் அமெரிக்க ஜெல்லி மிட்டாய் வகை 25-ஐப் பார்த்ததில் 22-ல் அளவு தவறு.

பிள்ளை ஆசையாக அனுப்பியது என்று தெரியும். ஆனாலும் நான் அந்தப் பாட்டிலை ஓரம் வைக்கத்தான் சொல்வேன்.

எப்போ போடணும்? படுத்துப் புரண்டு பார்த்துட்டு தூக்கம் வரலைன்னா போடலாமா?

பெரும்பாலானோர் தவறு செய்யும் இடம் இதுதான். ராத்திரி 1 மணிவரை புரண்டுவிட்டுப் போட்டால், “இப்போதுதான் இரவு தொடங்குகிறது” என்று உடம்புக்குத் தவறான செய்தி போகும். காலையில் எழவும் முடியாது. படுக்க நினைக்கும் நேரத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்னால், தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். 10 மணிக்குத் தூங்க வேண்டுமென்றால் 8 அல்லது 9 மணிக்கு. போட்டபின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், டூ வீலர் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

சாதாரண மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் 3 மணிக்கு விழிப்பு வருபவர்களுக்கு அது பெரிதாக உதவாது.

மூணு நாள் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலையே?

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும். தூக்கக் கோளாறுகளில் மெலடோனினைச் சோதித்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-ல் வந்த கணக்கு இது: சராசரியாக 7 நிமிடம் சீக்கிரம் தூக்கம், 8 நிமிடம் கூடுதல் தூக்கம். அவ்வளவுதான். நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றே அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2017-ல் சொன்னது. தூக்கத்தின் நேரம் தள்ளிப்போனவர்களுக்குத்தான் இது நன்றாக வேலை செய்யும்.

அப்புறம், தூக்கம் கெடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒருமுறை ஐம்பதைத் தாண்டிய ஒருவர் 3, 5, 10 என்று ஏற்றிக்கொண்டே போனார். கூட வந்த மனைவி, “ராத்திரி குறட்டை விட்டுட்டே இருப்பார், திடீர்னு மூச்சே நின்ன மாதிரி இருக்கும், அப்புறம் திணறி எழுவார்” என்றார். அது மெலடோனின் பிரச்சினையே இல்லை, தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய். நுரையீரல் டாக்டரிடம் அனுப்பினேன். புராஸ்டேட்டால் நாலு முறை சிறுநீருக்கு எழுவது, தைராய்டு, மனச்சோர்வு, ரத்தசோகையோடு வரும் கால் குடைச்சல் இவையெல்லாமும் அப்படித்தான்.

மாலை 6 மணி ஃபில்டர் காபியையும் பாருங்கள். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்னால் குடித்த காஃபீன், மெலடோனின் ஏறும் நேரத்தை 40 நிமிடம் தள்ளிப்போட்டதாக 2015-ல் ஓர் ஆய்வு காட்டியது. இன்னொன்று நம் ஊர் வெக்கை. மெலடோனின் ஏறும்போது கை கால் ரத்தக்குழாய்கள் விரிந்து உடல் சூடு வெளியேறும், அப்போதுதான் தூக்கம் பிடிக்கும். மே மாதப் புழுக்கத்தில், மின்சாரம் போன அறையில், அந்தச் சூடு போக இடமில்லை. படுக்கும் முன் குளிப்பதும், மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்த பழைய வழக்கமும் இந்த வேலைக்குத்தான் உதவின.

இது பழகிடுமா? விட்டா தூக்கமே வராதா?

தூக்க மாத்திரைகளைப் போல அடிமையாக்குவதாகவோ, நிறுத்தினால் திருப்பி அடிப்பதாகவோ ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் வருடக்கணக்காகத் தினமும் போடுவது பற்றிய நல்ல ஆய்வுகள் குறைவு. ஐரோப்பாவில் மேலே சொன்ன மாத்திரைக்கு அனுமதித்த காலம் 13 வாரம்தான். மூன்று மாதம் தாண்டினால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பால், வாழைப்பழம், வால்நட்டுல மெலடோனின் இருக்காமே? அதையே சாப்பிட்டா போதாதா?

இருக்கிறது, ஆனால் மிகக் கொஞ்சம். ஒரு டம்ளர் பாலில் இருப்பது 3 மி.கி. மாத்திரையில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ராத்திரி மஞ்சள் பால் இதமாக இருக்கிறதென்றால் தாராளமாகக் குடியுங்கள், பழக்கத்துக்கும் ஒரு பலம் உண்டு.

தாய்ப்பால் விஷயம் வேறு. பிறந்த குழந்தைக்கு மூன்று மாதம் வரை சொந்தமாக இரவு பகல் தாளம் இருக்காது. ராத்திரி சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் கூடுதல், பகல் பாலில் ஏறக்குறைய இல்லை. பம்ப் செய்து ஃபிரிட்ஜில் வைக்கும் அம்மாக்கள் பாட்டிலில் நேரத்தை எழுதிவைத்து, ராத்திரிப் பாலை ராத்திரியில் கொடுக்கலாம்.

அப்பா அம்மா பொண்ணு பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்புறாங்க. ஜெட்லாக்குக்கு குடுக்கலாமா?

இதற்கு மெலடோனின் நன்றாகவே வேலை செய்யும். ஐந்தோ அதற்கு மேலோ நேர மண்டலங்களைத் தாண்டும் பயணங்களில், 10 ஆய்வுகளில் 9-ல் பலன் தெரிந்ததாக, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2002-ல் சொன்னது. 0.5 மி.கி.யிலிருந்து 5 மி.கி. வரை பலன் ஏறக்குறைய ஒன்றுதான், மெதுவாகக் கரையும் மாத்திரை அவ்வளவாக உதவவில்லை.

சென்னைக்கும் நியூயார்க்குக்கும் ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேர வித்தியாசம். போய் இறங்கிய அன்றிலிருந்து, அந்த ஊர் நேரப்படி படுக்கும்போது, நாலைந்து நாள் போட்டால் போதும். விமானத்தில் நினைத்த நேரத்தில் போட்டால் குழப்பம்தான் கூடும். பகலில் வெளியே போய் வெயில் படுவது மாத்திரைக்குச் சமமான மருந்து. பேரப் பிள்ளையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள். அவர்கள் பிபி, சுகர் மாத்திரை போடுபவர்கள் என்றால் கீழே அதற்கான கேள்வியையும் படித்துவிடுங்கள்.

ஓ.எம்.ஆர்.ல யு.எஸ். ஷிஃப்ட். காலைல அஞ்சு மணிக்கு வந்து படுத்தா தூக்கம் வரலை. எனக்கு இது உதவுமா?

இந்தக் கேள்வி கேட்பவர்களைப் பார்த்தால் மனசு கனக்கும். இருபத்தைந்து வயதில் கண்ணுக்குக் கீழே கருவளையம். சோழிங்கநல்லூர் அலுவலகங்கள் மட்டுமில்லை, ஒரகடம் தொழிற்சாலை ஊழியர்கள், கோயம்பேட்டில் நள்ளிரவில் மூட்டை இறக்குபவர்கள், வார்டில் இருக்கும் நர்ஸ்கள் எல்லோருக்கும் இதே கதைதான். உடல் இருட்டில் சுரக்க வேண்டியதை வெளிச்சத்தில் உட்கார்ந்து தடுத்துவிட்டு, சுரப்பு நிற்கும் நேரத்தில் தூங்கப் பார்க்கிறோம். இரவுப் பணியைப் “பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது” என்ற 2ஏ பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007-ல் வைத்தது, 2019-ல் மறுபடி பார்த்தும் அதே பிரிவில்தான் வைத்தது.

பகல் தூக்கத்துக்கு முன் மெலடோனின் போட்டால் சுமார் 24 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று 2014-ல் ஒரு தொகுப்பு சொன்னது. பெரிய லாபம் இல்லை. அதைவிடப் பலன் தருவது வெளிச்சத்தைக் கையாள்வது. சென்னையில் மே மாதம் 5.45-க்கெல்லாம் சூரியன் வந்துவிடும். கேபில் வரும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். (பைக் ஓட்டிக்கொண்டு வருபவர்கள் போட வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் அது ஆபத்து.) ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி, வாசலில் “மணி அடிக்க வேண்டாம்” என்று ஓர் அட்டை. மாத்திரையை வீட்டுக்கு வந்தபின்தான் போட வேண்டும், கேபில் ஏறும்போது இல்லை. வார இறுதியில் முழுசாகப் பகல் ஆளாக மாறாமல், விடுமுறை நாளிலும் ஒரு மூன்று நாலு மணி நேரத் தூக்கம் அதே நேரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் உடம்பு கொஞ்சம் தேறும்.

வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுபவர்களுக்கு மெலடோனினால் கடிகாரத்தைத் திருப்பிவிட முடியாது. அதற்கு மேலாளரிடம்தான் பேச வேண்டும்.

பிளஸ் டூ படிக்கிற பையன் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் தூங்குறான். குடுக்கலாமா? சின்னவளுக்கு?

பருவ வயதில் மெலடோனின் ஏறும் நேரம் இயல்பாகவே தள்ளிப்போகும். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். முதலில் காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் நிற்கவையுங்கள். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் வெளியே பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும், வீட்டுக்குள் பெரும்பாலும் முந்நூறைத் தாண்டாது. காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை தூங்கவிட்டால் திங்கட்கிழமை எல்லாம் பாழ். இதற்கும் சரியாகவில்லை என்றால் டாக்டர் குறைந்த அளவில், மாலையிலேயே போடச் சொல்லலாம்.

சின்னக் குழந்தைக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது. ஆட்டிசம், ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாடு இருக்கும் குழந்தைகளுக்கு இது நன்றாக உதவுகிறது, ஆனால் குழந்தை மருத்துவர் பார்த்து எழுத வேண்டும். வீட்டில் அந்த ஜெல்லி பாட்டில் இருந்தால் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அமெரிக்காவில் குழந்தைகள் மெலடோனினை விழுங்கியதாக நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2012-ல் 8,337, 2021-ல் 52,563. மிட்டாய் மாதிரி இருப்பதை மிட்டாய் என்றுதான் குழந்தை நினைக்கும்.

பிபி, சுகர், ரத்தம் இளக மாத்திரை எல்லாம் போடுறேன். சேர்த்துப் போடலாமா?

முதலில் ஒரு நல்ல செய்தி. அடினலால், மெட்டப்ரலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் பைனியலுக்குப் போகும் நரம்புச் செய்தியைத் தடுத்து மெலடோனினைக் குறைக்கும். அவற்றைப் போடும் சிலருக்குத் தூக்கம் கெடுவது அதனால்தான். அப்படிப்பட்ட 16 பேருக்கு மூன்று வாரம் 2.5 மி.கி. கொடுத்த 2012 ஆய்வில் தூக்கம் 36 நிமிடம் கூடியது. சின்ன ஆய்வு, ஆனால் டாக்டரிடம் கேட்கத் தகுந்த விஷயம். பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கவனம் தேவைப்படுபவை: நிஃபெடிபின் போடுபவர்களுக்கு மெலடோனின் சேர்ந்தால் பிபி ஏறியதாகப் பதிவு உண்டு. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு ரத்தக் கசிவு கூடலாம். ஃப்ளூவாக்ஸமின் என்ற மனநல மருந்து, கல்லீரல் மெலடோனினைச் சிதைப்பதைத் தடுத்து அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். வலிப்பு நோய், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் போடும் மருந்துகள் இவை இருந்தால் கேட்காமல் போடவே கூடாது.

சுகர் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். கணையத்திலும் மெலடோனினின் செய்தியை வாங்கும் ஏற்பிகள் உண்டு, இரவில் அது இன்சுலினைக் குறைத்து வைக்கும். ஸ்பெயினில் 845 பேரிடம் செய்து 2022-ல் வந்த ஆய்வில், மெலடோனின் ஏறியபின் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை அதிகமாக ஏறியது. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். பத்தரை மணிக்கு நாலு பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படுப்பது ஏன் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். மாத்திரை போடுபவர்கள் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள்.

ஐ.வி.எஃப். டாக்டர் 3 மி.கி. எழுதியிருக்காங்க. எனக்குத் தூக்கம் நல்லாத்தானே வருது?

தூக்கத்துக்காக எழுதவில்லை. கருமுட்டையைச் சுற்றியுள்ள திரவத்தில் ரத்தத்தைவிட மெலடோனின் அதிகம். ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து முட்டையைக் காக்கும் என்ற எண்ணத்தில் கொடுக்கிறார்கள். அதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று இன்னும் உறுதியாகவில்லை. எவ்வளவு நாள், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர்களிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பம் உறுதியானபின் நீங்களாகத் தொடர வேண்டாம். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும் ஹார்மோன் இது.

தலைவலிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்ல பைனியல் சுரப்பி சுண்ணாம்பு படிஞ்சிருக்குன்னு இருக்கு. அதனாலதான் தூக்கம் இல்லையா?

இந்த வரியைப் படித்துவிட்டு அழுதுகொண்டே வந்தவர்கள் உண்டு. வயது வந்தவர்களின் ஸ்கேனில் இது மிகச் சாதாரணமாகத் தெரிவது. “மூளை மணல்” என்றே இதற்குப் பெயர். ரிப்போர்ட்டில் பெரும்பாலும் பக்கத்திலேயே “இயல்பானது” என்ற பொருளில் ஒரு சொல் இருக்கும், பாருங்கள். சுண்ணாம்பு படிந்ததால் மாத்திரை வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஃபில்டர் தண்ணீர், வெற்றிலைச் சுண்ணாம்பு, எதையும் இதற்காக மாற்ற வேண்டாம்.

மெலடோனின் போட்டா ஹார்ட் ஃபெயிலியர் வரும்னு நியூஸ்ல வந்துச்சே? புற்றுநோய்க்கு நல்லதுன்னு இன்னொருத்தர் சொல்றார்?

முதலாவது, 2025 நவம்பரில் அமெரிக்க இதயச் சங்க மாநாட்டில் வைத்த ஓர் ஆய்வு. தூக்கமின்மை உள்ளவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்ததில், ஒரு வருடத்துக்கு மேல் மெலடோனின் எடுத்ததாகப் பதிவு உள்ளவர்களுக்கு இதயச் செயலிழப்பு கூடுதலாக இருந்தது. மெலடோனின்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. தூக்கம் மிக மோசமாக இருப்பவர்தான் வருடக்கணக்கில் போடுவார், அந்தத் தூக்கமின்மையே இதயத்தைக் கெடுக்கும். அமெரிக்காவில் கடையில் தானாக வாங்கிப் போடுபவர் பதிவில் “போடாதவர்” என்றே இருப்பார். பயப்பட வேண்டாம், ஆனால் இதய நோய் உள்ளவர்கள் டாக்டருக்குத் தெரியாமல் வருடக்கணக்கில் போடக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

புற்றுநோய் விஷயத்தில், சோதனைச் சாலையில் கிடைத்த பலன் பெரிய மருத்துவ ஆய்வுகளில் கிடைக்கவில்லை. நுரையீரல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு வருடம் தினம் 20 மி.கி. கொடுத்துப் பார்த்ததில் நோய் திரும்புவது குறையவில்லை. கீமோவை விட்டுவிட்டு இதை நம்பாதீர்கள். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அப்பா தூக்கத்துல கத்துறார், கையை வீசி அம்மாவை அடிச்சுட்டார். காலைல கனவுல நாய் துரத்துச்சுன்னு சொல்றார். இதுக்கு மெலடோனின் எழுதியிருக்காங்க, 6 மி.கி. அதிகம் இல்லையா?

மேலே குறைந்த அளவு போதும் என்று சொன்னதற்கு இது விதிவிலக்கு. கனவு காணும்போது உடல் அசையாமல் கட்டிப்போட்ட மாதிரி இருக்க வேண்டும். அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும் நோய் இது. இதற்கு 3 முதல் 12 மி.கி. வரை நரம்பியல் மருத்துவர்கள் கொடுப்பது வழக்கம்.

மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள். இந்தப் பிரச்சினை சிலருக்குப் பல வருடம் கழித்து வரும் பார்கின்சன் போன்ற நோய்க்கு முன்னறிகுறி. மலச்சிக்கல், வாசனை தெரியாமல் போவது, கையெழுத்து சிறுத்துப்போவது இவை இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை கட்டிலைச் சுவரோரம் தள்ளி, பக்கத்தில் இருக்கும் கண்ணாடி டம்ளர், மேசை விளக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அம்மாவைத் தனிக் கட்டிலில் படுக்கச் சொல்லுங்கள்.

அண்ணனுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. மாசத்துல பத்து நாள் நல்லாத் தூங்குறார், அப்புறம் ராத்திரி முழுக்க விழிச்சு பகல்ல தூங்குறார். நாங்க சோம்பேறின்னு நினைச்சோம்.

அவர் சோம்பேறி இல்லை. நம் உள்கடிகாரத்தின் ஒரு நாள் பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். தினமும் வெளிச்சம் பட்டு அது சரிசெய்யப்படுகிறது. வெளிச்சமே உள்ளே போகாதவருக்கு அந்தத் திருத்தம் நடக்காமல், நாளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போய், சில வாரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி நேருக்கு வரும். உங்கள் அண்ணனின் நல்ல பத்து நாள் அப்போதுதான் வருகிறது. பார்வை இல்லாத எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சிலருக்குப் பார்வை போனாலும் வெளிச்சத்தை மட்டும் உணரும் அந்தத் தனி செல்கள் உயிரோடு இருக்கும். இது 1995-ல் ஓர் ஆய்வில் தெரியவந்தது. வலிக்கிறது, அழகுக்காக என்று கண்ணை அகற்றும் பேச்சு வந்தால் இதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

மெலடோனின் மிகத் தெளிவாக உதவும் நோய்களில் இது ஒன்று. கண் வழி வராத இரவுச் செய்தியை மாத்திரை வழி அனுப்புகிறோம். குறைந்த அளவு, தினமும் அதே நேரம், ஒருநாள்கூட விடாமல், பல வாரங்களுக்கு. அவர் எப்போது தூங்கினார், எப்போது எழுந்தார் என்று வீட்டில் ஒருவர் ஆறு வாரம் எழுதிவையுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தூக்கத்துக்கென்று கிளினிக் இருக்கும் ஒரு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த நாளில் மாத்திரையைத் தொடங்குவது என்பதை அந்தத் தேதிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.